படுதாவில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கத்தில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. கிரைண்டர், களைக்கொட்டு, மோட்டார் கொட்டகை ஸ்விட்சுப் பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் என் புருஷனுடைய ஜீப்பின் படுதாவிலும் வைத்துத் தொலைத்தேன். டயருக்கு வைத்தேன், பானட்டுக்கு வைத்தேன், எக்கி மேலே படுதாவிலும் வைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வேண்டும்போது படுதாவை மடித்துத் திறந்த வண்டியாக ஓட்டுகிற ஜீப் அது. மழைக்காலத்துக்கு மட்டும் படுதாவைக் கழற்றிவிட்டு, கெட்டியான ஃபைபர் டாப்பு மாட்டுவான். மற்ற நாளெல்லாம் வெண்ணெய் நிறப் படுதாவோடு கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போய் வருவான். வந்ததும் அதற்கு நடக்கும் உபசாரம் இருக்கிறதே, அடேயப்பா! உப்புக்காற்று பட்டதென்று குழந்தை ஷாம்பு போட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரே பக்கமாக நீவுவான். நான் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்து வெயிலில் சாவேன், அது நிழலில்தான் உலரும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்குமாம். பின்பக்கத்து பிளாஸ்டிக் கண்ணாடி கீறாமலிருக்க என் நல்ல நூல் புடவையை நடுவில் வைத்து மடிப்பான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று என் அம்மா போனில் சொல்வாள். அடித்ததெல்லாம் என்னை, அணைத்ததெல்லாம் படுதாவை. எந்தப் பாவி சொன்ன பழமொழியோ!

அன்று படுதா கழுவிய ஈரம் காயவில்லை. குங்குமம் ஊறி இறங்கிவிட்டது. அவன் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவியது. கற்பூரம் அணைவதற்குள் பிரஷ்ஷின் கட்டையால் என் காதோரம் அடித்தான். ரத்தம் தாடையில் வழிந்தது. முடியைச் சுற்றிப் பிடித்துக் கதவில் மோதினான்.

"கறை போவலன்னா உன் தோல உரிச்சி மாட்டுவேன்டி!"

வெளியே ஓடினேன். எப்போதும்போலக் கேட் வரைக்கும் போக விட்டு, முடியைப் பிடித்தே உள்ளே இழுத்து வந்தான். இனியும் இருந்தால் பிணமாகத்தான் வெளியே போவேன் என்று எனக்கு அன்று தெரிந்துவிட்டது.

மறுநாள் வானம் கருத்தது. டாப்பு மாட்டக் கூப்பிட்டான். மூலைக்கு ஒருவர் வேண்டும். முன்பக்கம் அவனும் நானும், பின்பக்கம் என் கொழுந்தனும் எதிரேயுள்ள பஞ்சர் கடைக்காரரும். எங்கள் வீடு கூட்டேரிப்பட்டில் ரோட்டோரம், விழுப்புரம் பஸ் எதிரிலேயே நிற்கும். தலைக்குமேல் தூக்கி மெல்ல இறக்கினோம்.

"ரப்பர் சரியா உக்காரணும். அப்பிடியே புடிச்சிக்கினு நில்லுங்க," என்றான்.

அப்போதுதான் கவனித்தேன். அவனுடைய இரண்டு கைகளும் மேலே இருந்தன. அவனுக்கு எதிரில் நின்று நான் பயமில்லாமல் மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

"யோவ், நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்."

"வாய மூடுடி. எறக்கிட்டு வர்றேன், பல்ல ஒடைக்கிறேன்."

கொழுந்தன் பதறினான். "அண்ணி, டாப்ப வச்சிட்டுப் பேசுங்க அண்ணி."

"வச்சிட்டா உங்கண்ணன் கை காலியாயிடும், தம்பி."

பஞ்சர் கடைக்காரர் என் காதோரம் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். "போம்மா, பஸ்ஸு வருது," என்றார்.

"கைய எடுத்துப் பாரு, கொன்னுடுவேன்!" என்றான் அவன்.

எடுத்தேன். டாப்பு என் பக்கம் சரிந்து முன்கண்ணாடியைத் தூள்தூளாக்கியது. அந்தப் பக்கம் அவன் விரல்கள் டாப்புக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே மாட்டி நசுங்கின. ரத்தம் பானட்டில் கொட்டியது. நான் கட்டிய புடவையோடு ரோட்டுக்கு ஓடினேன். பின்னால் அவன் அலறல் கேட்டது. பாழாய்ப்போன மனசு, கால் ஒரு நொடி தயங்கியது. "ஐயோ, கை போச்சே" என்று கத்தியிருந்தால் திரும்பிக்கூடப் போயிருப்பேன்.

"ஐயோ, என் டாப்பு போச்சேடா!" என்றுதான் கத்தினான்.

பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.