மேசைக்கடியில் இருந்து ஒரு மொழிபெயர்ப்பு

செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணியோடு அந்தச் செய்தியைப் படித்தேன். என் பிழை.

எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில், நீதிபதிகளுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸை வரிசையில் காக்க வைக்காமல் விரைவாகக் கொடுக்கும் யோசனையாம். மிரட்டல்கள் கூடிவிட்டனவாம். நியாயமான பயம்தான். தீர்ப்புச் சொன்னால் ஒரு தரப்புக்காவது கோபம் வரத்தானே செய்யும்?

ஆனால் நான் டொரொண்டோ கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். நீதிபதிக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவில் நிற்கிற ஆள். நீதிபதியின் மேசையில் ஒரு துவக்கு இருந்தால்... குண்டு யாரைத் தாண்டிப் போகவேண்டும்?

"உது அமெரிக்காக் கதை. இங்க எங்களைப் போல ஆக்கள் கைத்துவக்கு வாங்கவே ஏலாது. பேசாமல் வேலைக்கு வெளிக்கிடுங்கோ," என்றாள் மனைவி.

வெளிக்கிட்டேன். பயமும் கூடவே காரில் ஏறிக்கொண்டது.

முதல் வழக்கு ஒரு டெலிவரி வான் ஓட்டுநருடையது. காப்புறுதி இல்லாமல் ஓட்டினார் என்று குற்றச்சாட்டு. லைசென்ஸ் போனால் வேலையும் போகும். மனிதர் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"காப்புறுதி இருந்ததற்கு ஆதாரம் உண்டா?" என்று நீதிபதி அம்மா கேட்டார். தமிழில் சொன்னேன். ஓட்டுநர் சட்டென்று ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். கறுப்பாக, தடிப்பாக ஏதோ வெளியே வந்தது.

அடுத்த கணம் நான் மேசைக்கடியில்!

வாசலில் பெல்ட்டைக்கூடக் கழற்றி ஸ்கேனரில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருகிறோம். அது அந்த நேரம் யாருக்கு ஞாபகம்?

மேலிருந்து நீதிபதியின் குரல், ஆங்கிலத்தில். அங்கே பேசப்படும் அத்தனையையும் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தவன் நான். கிடந்த இடத்திலிருந்தே கடமையைச் செய்தேன்.

"மொழிபெயர்ப்பாளர் சுகமாக இருக்கிறாரோ எண்டு கேட்கிறா."

"எனக்கெப்பிடித் தெரியும்? அது நீங்கள்தானே அண்ணை!" என்றார் ஓட்டுநர்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது.

அவர் எடுத்தது குப்பைப் பையால் சுற்றி ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு. எங்கள் ஆட்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வீட்டுக் கடதாசி முழுவதும் கூடவே வருமே... பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, ஊர்க் காணி உறுதி. எல்லாவற்றுக்கும் அடியில் காப்புறுதிக் கடிதம். அரச தரப்பு வாசித்துப் பார்த்து வழக்கை விலக்கிக்கொண்டது. மனிதர் கண்ணைத் துடைத்தார்.

நான் முழங்காலைத் துடைத்தேன்.

அன்று என் கையில் இருந்தது பேனா மட்டும். அதனால்தான் விழுந்தது நான் மட்டும். பேனா இருந்த இடத்தில் வேறொன்று இருந்திருந்தால்? ஒரு மனிதர் வேலையைக் காப்பாற்றும் கடிதத்தைத்தானே எடுத்தார்!

நீதிபதிக்கு விரைவு வரிசை என்றால், நாளைக்கு வழக்கறிஞர் கேட்பார். கிளார்க் கேட்பார். பிறகு என்னைப் போன்ற வீரர்களும் கேட்போம். பயம் எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்றே! நீதிபதிகளைக் காப்பாற்றத்தான் வேண்டும் — வாசலில் இன்னும் இரண்டு காவலர்களை நிறுத்துங்கள். வரிசையை மட்டும் சுருக்காதீர்கள். என் பயம் தெளிய மூன்று நிமிடம் எடுத்தது. லைசென்ஸ் அதைவிட மெதுவாக வருவதுதான் ஊருக்கு நல்லது.

வீட்டில் கதையைச் சொன்னேன். மனைவி சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குத் துவக்குத் தந்தால், முதல் வெடி உங்கட காலுக்குத்தான்."

லைசென்ஸ் வேண்டாம், கனம் நீதிபதி அவர்களே. மேசையை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.