உல்கானின் பத்தொன்பது சாவிகள்

உதிர்ந்த ஆப்ரிகாட் இலை ஒன்றை வாய்க்காலில் போட்டுவிட்டு, அதோடு கூடவே கரையில் நடந்து அடிகளை எண்ணுகிறாள் உல்கான். இருபது அடி ஆனதும் நின்று, சிமென்ட்டில் பதித்த அளவுக் கம்பியைக் குனிந்து பார்க்கிறாள். இலையின் வேகத்தை வைத்து அவள் போட்ட கணக்கும் கம்பி காட்டும் அளவும் ஒத்துப்போகின்றன. தினமும் ஒத்துத்தான் போகின்றன. "பரவால்ல, சுவிஸ்காரன் கம்பியும் சரியாத்தான் சொல்லுது" என்று அதற்கொரு நற்சான்று கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த மதகுக்குப் போகிறாள்.

ஐம்பத்திரண்டு வயது. ரப்பர் காலணி, பூப்போட்ட தலைத்துணி, ஒரு பையில் சூரியகாந்தி விதை, இன்னொன்றில் பத்தொன்பது மதகுகளின் சாவிகள். பத்கென் பக்கத்து அந்த ஊருக்கு அவள்தான் நீர்பாய்ச்சி. முறை வந்தும் வயலுக்கு வராதவன் வீட்டு வாசலில் நின்று, "தண்ணி தூங்குதா? நீ மட்டும் ஏன் தூங்குற?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அந்த வீட்டிலேயே தேநீரும் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

சோவியத் ஆட்சி போய், கூட்டுப்பண்ணை கலைந்து, நிலம் துண்டு துண்டாய்க் கைக்கு வந்தபோது தண்ணீரைப் பங்கிட மட்டும் ஆளில்லாமல் போனது. தலைமடைக்காரர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் கடைமடைக்கு. பத்து வருஷம் மண்வெட்டிச் சண்டை. பிறகு சுவிட்சர்லாந்தின் உதவி வந்தது. வாய்க்காலுக்குச் சிமென்ட்டும் மதகுகளுக்குக் கதவும் கொடுத்தவர்கள், பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: சங்கம் வையுங்கள், நீர்பாய்ச்சியை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

மூன்று பேர் நின்றார்கள். ஊர் மொத்தமும் மூவருக்கும் கை தூக்கியது. பெரிய மனிதர் எதிரே நிற்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் அது மரியாதையா? சுவிஸ் ஆலோசகர் ரூடி வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். திரைக்குப் பின்னால் கிண்ணங்களை வைத்து, ஆளுக்கொரு ஆப்ரிகாட் கொட்டையோடு உள்ளே அனுப்பலாம் என்று சொன்னவள் உல்கான். பெண்கள் அவள் பெயருக்கும் ஒரு கிண்ணம் வைக்கச் சொன்னார்கள். அதுதான் நிரம்பி வழிந்தது.

சங்கத்துக்கு விதிமுறை எழுதியதும் அவள்தான். முறை தவறித் திறந்தவரின் பெயரை நீர்பாய்ச்சி சபையில் வாசிக்க வேண்டும். அதன் பிறகே அவருக்கு ஒரு முறைத் தண்ணீர் நிற்கும். எட்டு வருஷம் அது ஒழுங்காக நடந்தது. இந்த மே மாதம், ஒரு பூட்டை நெம்பி இரண்டு நாள் தண்ணீரைத் தன் தோப்புக்குத் திருப்பினார் ஒருவர். கடைமடை விவசாயி சாதிரின் நாற்பது ஆப்ரிகாட் மரங்களும் பிஞ்சை உதிர்க்கத் தொடங்கின. அடுத்த முறையும் தவறினால் அவனுக்கு இந்த வருஷம் பழமே இல்லை.

திறந்தவர் உல்கானுடைய கணவனின் அண்ணன். அந்த ஊரில் மருமகளாக வந்தவள் கணவன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. முப்பது வருஷமாக அவளுக்கு அவர் 'மேல்வீட்டுக்காரர்'தான். இது தெரிந்துதான் அவர் பூட்டில் கை வைத்தார்.

வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாமா என்று ரூடியிடம் கேட்டாள்.

"விதி உங்களோடது அக்கா. சபை மாத்தினா மாத்தட்டும். நாங்க அடுத்த வருஷம் இங்க இருக்க மாட்டோம்" என்றார் அவர்.

கணவனிடம் கேட்டாள். "அண்ணன் பேர நீ சொன்னா எங்கம்மா சமாதியிலேருந்து எழுந்து வந்துருவா" என்றான். சற்றுப் பொறுத்து, "வந்தா நான் பேசிக்கிறேன்" என்றான்.

சபையன்று மேல்வீட்டுக்காரர் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "படிம்மா, கேக்கத்தானே வந்திருக்கோம்" என்றார். சிலர் சிரித்தார்கள். உல்கான் தேதியை வாசித்தாள். மதகின் எண்ணை வாசித்தாள். அப்புறம் தாளை மடித்தாள்.

"தெமிர்பெக்" என்றாள். கத்தவில்லை, கடைசி வரிசைக்குக் கேட்டது. அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே வாழ்க்கைப்பட்ட பெண்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருத்திகூட அன்று தலை குனியவில்லை. அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் முறை; அடைக்க விடாமல் தன் மதகின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தார். உல்கான் வந்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள். மார்பில் கைகளைக் கட்டி, மருமகள் மூத்தவரை வணங்கும் முறைப்படி இடுப்பு வளையக் குனிந்து, அப்படியே நின்றாள். வணங்குகிறவளை வாழ்த்தாமல் விடுவது எந்த மூத்தவருக்கும் ஆகாத காரியம். அவர் வாய்க்காலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கடைசியில், "நல்லா இரு" என்று முணுமுணுத்துக் கையை எடுத்தார்.

அவள் நிமிர்ந்தாள். கதவை இறக்கிப் பூட்டினாள்.