சுவாவிலிருந்து நாடிக்கு, பூக்குழி வழியாக

பகல் ஒரு மணிக்கு ஃபிஜித் தலைநகர் சுவாவை விட்டுப் புறப்பட்டோம். புறப்பட்டோம் என்பது மரியாதைக்கு, உண்மையில் ஓடினோம். துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்தில் புகுந்துவிட்டார்கள் என்று வானொலி சொன்ன கையோடு கடைத்தெருவில் இந்தியர் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. செருப்புக்கடை ஷோகேஸில் இருந்த ஷூக்களை ஒருவன் மார்போடு வாரிக்கொண்டு ஓடினான். எல்லாமே இடது கால். இரண்டு தெரு தள்ளித்தான் அவனுக்கே அது தெரிந்தது; நடுரோட்டில் உட்கார்ந்து ஜோடி தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்சி காதர் பாயுடையது. நாடி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். மதுரையிலிருந்து வந்திருந்த நானும் முனுசாமி அண்ணனை வழியனுப்பக் கூடப் போனேன். அண்ணனும் பாயும் பினாங்கில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். மலேசியப் பினாங்கு அல்ல, ராக்கிராக்கி பக்கம் கரும்பாலை இருக்கிற பினாங்கு. குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனதும் அண்ணனின் மனைவி சிட்னியில் மகனிடம் போய்விட்டார். நாளைக்குள் அங்கே கால் வைக்காவிட்டால் அண்ணனின் விசா செல்லாது. விமானம் ஏழு மணிக்கு.

நவுவா தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே தென்னை மரம் கிடந்தது. கையில் வெட்டுக்கத்தியோடு ஐந்தாறு ஃபிஜிப் பூர்வகுடி இளைஞர்கள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்" என்றார் காதர் பாய். இறங்கிப் போய், அண்ணனைக் கைகாட்டி, "இவரு மாரியம்மன் கோயில்ல தீ மிதிக்கிற ஆளு. சாமி காரியம், விட்ருங்க பாஸ்" என்று கெஞ்சினார். பேச்செல்லாம் ஹிந்தியும் ஃபிஜி மொழியும்தான். பாய் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்.

அவர் சொன்ன இடம் தப்பு. அந்த இளைஞர்களுக்குச் சொந்த ஊர் எதிரே கடலில் தெரியும் பெங்கா தீவு. சுட்ட கல்மேல் நடப்பது அவர்களுடைய பரம்பரை உரிமை. ஒருவன் சிரித்தான்: "மதராஸி நடக்கறது சாம்பல்ல. நாங்க கல்லுல."

முனுசாமி அண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"எவன்டா சாம்பல்னது? பத்து நாள் கோயில்ல படுத்து, பொண்டாட்டி மொகம் பாக்காம வெரதம் இருந்து, ஏளு வருசம் எறங்கியிருக்கேன்!"

"அரே, பிளேன் போயிடும்யா!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை.

சத்தம் கேட்டு மாமர நிழலிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். அவர் பெங்காவில் கல் மிதித்தவர். தரையில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிக் காட்டினார். அண்ணனும் எதிரே உட்கார்ந்து தன் பாதத்தைக் காட்டினார். எங்கள் மதுரையிலும் கலவரம் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் பாதம் காட்டச் சொன்னதில்லை. இளைஞர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். தீர்ப்பு சொல்லப் பொது ஆளாகக் காதர் பாயைக் கூப்பிட்டார்கள்.

"நமக்கு ரெண்டுமே ஆவாது. ரெண்டு பேர் காலும் அசிங்கமாத்தான் இருக்கு. வண்டிய எடுக்கலாமா?"

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மரத்தை நகர்த்தச் சொன்னார். ஆனால் அவர்களுடைய யாங்கோனா வேர்த் தண்ணீரைக் குடிக்காமல் கிளம்புவது மரியாதையில்லையாம். கைதட்டி, ஆளுக்கொரு சிரட்டை குடித்தோம். என் நாக்கு மரத்துப்போனது.

அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் சொன்னார்: "அடுத்த வருசம் ஒன் கோயில் தீமிதிக்கு நான் வர்றேன். கல்லுல நடந்த காலு ஒன் நெருப்புல நிக்குதான்னு பாப்போம். நீ இருப்பியா?"

"இருப்பேன்" என்றார் அண்ணன்.

அதற்குப்பின் நாடி வரை அவர் பின்கண்ணாடி வழியே வந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டரை மூடும் நேரத்தில் ஓடிப்போய்ச் சேர்ந்தோம். பெட்டி உள்ளே போயிற்று. கடைசி வாசலைத் தாண்டியவர், காவலரையும் பொருட்படுத்தாமல் திரும்பி வந்து கண்ணாடித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் ஈரம்.

"பாய், திரும்பிப் போறப்போ அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிடு, நான் வரமாட்டேன்னு. நேர்ல சொல்ல வாய் வரல."

காதர் பாய் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லமாட்டேன். நீயே வந்து சொல்லு."