குமுதவல்லி மிஸ் தொட்டுப் பார்த்த தண்ணீர்

பள்ளி மறுபடி திறந்த அன்று கேட்டில் நின்ற குமுதவல்லி மிஸ் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய தண்ணீர் பாட்டில்களைத்தான் பார்த்தாள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பாள். சூடு தெரிந்தால் பிள்ளை உள்ளே போகலாம். தெரியாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை அழுதாலும் அப்படித்தான், அப்பா ஸ்கூட்டரை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு காத்திருந்தாலும் அப்படித்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மழைக்காலம் அது. புது வகைக் காலரா ஒன்று மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் கிளம்பி தேசம் தாண்டிப் போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அது இங்கே மைசூருக்கும் வந்ததா, அல்லது வழக்கமான மழைக்கால வாந்திபேதிதானா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அக்ரஹாரத்துப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். பள்ளியை மூடினார்கள். திறந்தபோது குமுதவல்லியின் மூன்றாம் வகுப்பில் சுதர்ஷன் என்ற பையன் திரும்பி வரவில்லை. வருகைப் பதிவில் அவன் பெயரைக் கூப்பிடாமல் தாண்டி அவள் அடுத்த பெயருக்குப் போவாள். இன்னொரு பெயரை அப்படித் தாண்டும்படி ஆகக்கூடாது. அந்த மழைக்காலத்தில் அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்ற விதி ஹெட்மாஸ்டர் நாராயணஸ்வாமி போட்டது. காய்ச்சியதா என்று தொட்டுப் பார்த்து உள்ளே விடுவது குமுதவல்லியின் யோசனை.

"பேஷ் மிஸ்! நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னாகூட, சோதிச்சுத்தான் விட்டோம்னு சொல்லலாமல்வா?" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

அவர் காப்பாற்ற நினைப்பது பிள்ளைகளையா, தன்னையா என்று அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்தது. சந்தேகம் அவளுக்குப் புதிதல்ல. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். இருபத்து மூன்று வயதில் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெரிய கம்பெனியில் உத்தியோகம் என்றார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அவள் மட்டும், "அந்தக் கம்பெனி வாசல்ல அவர் நுழையறதை அப்பா ஒரு தடவை பார்த்துட்டு வரட்டும்" என்றாள். அப்பா போய்ப் பார்த்தார். அப்படி ஒருவர் அங்கே வேலையே செய்யவில்லை. கல்யாணம் நின்றது, பிறகு வேறொன்று அமையவும் இல்லை. சந்தேகம் ஒரே ஒரு முறை பலித்துவிட்டால் போதும், அதன்பின் அதைச் சந்தேகிக்க மனிதனுக்குத் தோன்றுவதில்லை. அண்ணா வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, பால்காரனையும் தராசையும் பிள்ளைகளின் வயிற்றுவலியையும் சந்தேகித்தபடி அவள் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள்.

முதல் நாளே சூடில்லாத பாட்டிலோடு வந்தவள் பூங்குழலி. பூக்கட்டி விற்கும் லிங்கம்மாவின் மகள். இரண்டாம் நாளும் சில்லென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் லிங்கம்மாவே கூட வந்தாள்.

"ராத்திரியே காய்ச்சி மூடி வெச்சிர்றனுங்க டீச்சரம்மா. விடியறதுக்குள்ள பூ எடுக்க மார்க்கெட்டுக்குப் போயிருவனுங்க. அதுவரைக்கும் ஆறாம என்ன பண்ணுமுங்க?"

"காய்ச்சினதா, குழாய்ல புடிச்சதான்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"மத்தவங்களுத எப்படி நம்புனீங்களோ அப்படித்தானுங்க."

"அவங்களோடது சுடறது."

"சூடுதான் வேணும்னா, வெயில்ல வெச்சுக் கொண்டாரட்டுங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிலர் சிரித்தார்கள். குமுதவல்லி சிரிக்கவில்லை. ஏமாற்றும் வழியை இவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள் பார் என்றுதான் அவளுக்குப் பட்டது. வரிசையில் அவள் வகுப்புப் பையன் பரத்வாஜோடு நின்ற அவன் அம்மா, வக்கீல் வீட்டு அன்னபூர்ணி, காதோரம் குனிந்து, "விட்டுடாதேள் மிஸ். இவாளாலதான் எல்லாருக்கும் வர்றது" என்றாள். பரத்வாஜின் பாட்டில் கதகதவென்று இருந்தது.

லிங்கம்மா மகளின் கையைப் பிடித்தாள். "நல்லதுங்க. சனிக்கெழமை இவ மாமன் கோபிநத்தத்துல இருந்து வர்றான். பள்ளிக்கூடத்துல சேத்துக்கலீன்னா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கறான். ஆடு மேய்க்கறதுக்குப் பாட்டிலைத் தொட்டுப் பாக்க மாட்டாங்க."

பூங்குழலி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இதுவும் மிரட்டலாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு குமுதவல்லி அடுத்த பாட்டிலைப் பிடித்தாள்.

மறுநாள் கணக்குப் பாடத்தின் நடுவே பரத்வாஜ் எழுந்து ஓடினான். திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். மூன்றாம் தடவை அவனால் ஓட முடியவில்லை. அவன் அப்பா காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போன பிறகு, வகுப்பில் அவனுடைய பாட்டில் மட்டும் பெஞ்சின் மேல் கிடந்தது. குமுதவல்லி அதைத் தொட்டாள். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. தொட்டதோடு நிறுத்தாமல் முதல் தடவையாக மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

புகை வாசனை. அடியில் கொஞ்சம் சீயக்காயும்.

அந்த வாசனை அடையாளம் தெரியாமல் போக அவள் என்ன அயலூர்க்காரியா? இந்த ஊரில் பாதி வீடுகளின் குளியலறையில் ஹண்டே என்கிற பெரிய செப்புப் பாத்திரம் அடுப்பில் ஏறியிருக்கும். தேங்காய் மட்டையும் விறகும் போட்டு, குளிக்கக் குளிக்க மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அது சுடும், கொதிக்காது.

சாயங்காலம் அந்தப் பாட்டிலோடு வக்கீல் வீட்டுக்குப் போனாள். நர்சிங்ஹோமில் சலைன் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பையன் தூங்கினான். அன்னபூர்ணியின் கண்கள் வீங்கியிருந்தன.

"அந்தப் பூக்காரி பொண்ணோட தண்ணியைக் குடிச்சிருப்பான் மிஸ்."

"அவ இன்னிக்கு ஸ்கூல்லயே இல்லை. இதுல என்ன ஜலம் புடிச்சேள்?"

"சுட்ட ஜலம்தான்."

"எங்க சுட்டது?"

அன்னபூர்ணி குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டு, உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "சிலிண்டர் புக் பண்ணி ஒரு மாசமாறது. இருக்கற கேஸை சமையலுக்கே இழுத்துப் புடிச்சிண்டிருக்கேன். ஹண்டேலயும் நெருப்புதானே எரியறது? நீங்களும் தினம் தொட்டுப் பார்த்துத்தானே உள்ள விட்டேள்?"

பையனுக்கு அந்தத் தண்ணீரால்தான் வந்ததா என்று கேட்டால் டாக்டரே எதுவாகவும் இருக்கலாம் என்றாராம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தன் உள்ளங்கை எதை உள்ளே விட்டது, எதை வெளியே அனுப்பியது என்பது குமுதவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தோள்பையிலிருந்த அவளுடைய பாட்டில் இடுப்பில் இடித்தது. நின்றாள். திறந்து முகர்ந்தாள்.

"மன்னி! என் பாட்டில்ல எந்த ஜலம் ரொப்பறேள்?"

"ஹண்டே ஜலம்தான். சூடா இருக்கணும்னு நீதானே சொன்னே?" என்றாள் அண்ணாவின் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே.

ஊரையெல்லாம் சந்தேகித்தவள் தன் பையில் இருந்ததை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. தன்னுடையது என்பதற்காக மட்டுமே நம்பியிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்குப் போகுமுன் குமுதவல்லி, லிங்கம்மா பூ விற்கும் கோயில் வாசலுக்குப் போனாள். மாமனோடு அனுப்ப வேண்டிய பாவாடைகளை மடித்துக்கொண்டு பூங்குழலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி சரியா இருந்ததும்மா. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். பொண்ணை அனுப்பு."

லிங்கம்மா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. "இப்ப எதுக்குங்க திடீர்னு? வக்கீல் பையன் படுத்துட்டானாம். எம்புள்ளையக் கூப்பிட்டு வெச்சு, அவ மேல பழியப் போடலாம்னுங்களா?"

"இல்லை."

"முந்தாநேத்து என்னை நீங்க நம்பலை. இன்னிக்கு உங்களை நான் எதை வெச்சு நம்பறதுங்க?"

நியாயமான கேள்வி. அதுவும் தன்னுடைய கேள்வியேதான். குமுதவல்லி அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள். "நம்ப வேண்டாம். நாளைக்கு ஸ்கூல்லயே தண்ணி காய்ச்சப் போறேன், வந்து கண்ணால பாரு" என்றாள்.

நாராயணஸ்வாமி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. விறகு, ஆள், புகை என்று அடுக்கினார். "தினம் சோதிக்கறமே மிஸ், அது போறாதா?"

"நம்ம சோதனைல பாஸான தண்ணியை முகர்ந்து பாருங்கோ சார்" என்று தன் பாட்டிலையே நீட்டினாள்.

அவர் முகர்ந்தார். மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஆயித்து, ஸ்போர்ட்ஸ் டேக்கு ஜூஸ் கலக்கற அண்டா ஒண்ணு இருக்கு" என்றார்.

சனிக்கிழமை காலை பள்ளி முற்றத்தில் மூன்று கல் வைத்து அண்டா ஏற்றினார்கள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மழைத்தூறலில் விறகு புகைந்தது. பூக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி லிங்கம்மா மகளோடு வந்து சேர்ந்தாள். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் பீடி குடித்துக்கொண்டு நின்றான். மாமனாக இருக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. நாராயணஸ்வாமி கையை வைத்துப் பார்த்து, "சுடறதே, இறக்கலாம்" என்றார்.

"இன்னும் கொதிக்கலீங்க" என்றாள் லிங்கம்மா.

அவர் குமுதவல்லியைப் பார்த்தார்.

"கொதிக்கலை சார்" என்றாள் அவளும்.

அண்டாவின் ஓரத்தில் சிறு குமிழிகள் ஒட்டின. பிறகு நடுவிலிருந்து தண்ணீர் புரண்டு எழுந்தது. லிங்கம்மா அதற்கும் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் புரளட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். தன்னை இப்படி யாரும் கண்காணித்ததில்லை என்று குமுதவல்லிக்குத் தோன்றியது. சங்கடமாக இருந்தது, ஆனாலும் அவளைப் போகச் சொல்ல மனம் வரவில்லை.

கடைசியில் லிங்கம்மா கேட் பக்கம் போய் அண்ணனிடம் ஏதோ சொன்னாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தனியாக பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

பூங்குழலி வகுப்புக்குள் நுழைந்தாள். கழுத்தில் வீட்டுப் பாட்டில்தான் தொங்கியது. அம்மா திங்கட்கிழமையும் வந்து பார்த்த பிறகுதான் பள்ளித் தண்ணீராம். குமுதவல்லி பழக்கத்தில் கையை நீட்டினாள். பாட்டிலுக்குக் கிட்டத்தில் போன கையை அப்படியே இழுத்துக்கொண்டு, வருகைப் பதிவைத் திறந்தாள்.