துரைசாணி செய்யாத பண்டம்

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு அருகே, விடுதியாகிவிட்ட பழைய தேயிலைத் தோட்ட பங்களாவில் அந்தச் சமையல்கார அம்மாவைப் பார்த்தேன். குள்ளமானவர்; சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். சீனியில் வெந்த பேரிக்காய்த் துண்டுகளின் மேல் மாவைக் கிள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று விரல்களால் அழுத்திவிட்டுப் போறணை அடுப்புக்குள் தள்ளினார்.

மாலைத் தேநீரோடு அது மேசைக்கு வந்தது. விடுதி மேனேஜர், அங்கே தங்கியிருந்த எங்களிடம் பெருமையாகச் சொன்னார்: "அந்தக் காலத்துல இங்க இருந்த வெள்ளைக்காரத் துரைசாணியோட கைப்பக்குவம்."

பாத்திரத்தை வைத்த அம்மா நிமிர்ந்தார்.

"இல்லைங்க. மேல இருக்கிறது தோட்டத்து ஆளுங்க நாங்க எங்க லயத்து வீட்டுல சுடுற ரொட்டி மாவு. தேங்காய்ப்பூ போட்டிருக்கேன். நானாப் பழகுனது."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போ. நாளைக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சேர். அதுக்காக என் கைப்பக்குவத்தை யாருக்கும் எழுதிக் குடுக்க ஏலாது."

அவர் உள்ளே போகவில்லை. எங்களுக்குப் பரிமாறினார். மேனேஜரின் தட்டில்தான் பெரிய துண்டாக வைத்தார். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். மேனேஜர் ஒரு துணுக்கும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் யாரோ அறை வாசலில் மூடிபோட்ட தட்டில் ரொட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூடியைத் திறந்தேன். ரொட்டியின் நடுவே மூன்று விரல் தடம்.