உம்மா ஓட்டி வந்த மிஷின்

யுத்தம் முடிந்து, மேற்கு வட்டை வயல்களுக்குச் சனங்கள் பயமில்லாமல் போய்வரத் தொடங்கிய வருடம் எங்கள் உம்மா ஒரு பழைய வெட்டு மிஷினை ஊருக்கு நடுவால் இழுத்துக்கொண்டு வந்தார். அதன் மேலே உட்கார்ந்து வந்த இரண்டு பேரில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது பத்து வயது.

அது வாப்பாவின் மிஷின். நெல்லை வெட்டி, அடித்து, சாக்கில் நிரப்பித் தருகிற பெரிய சாதி. வாப்பாவைக் கடல் கொண்டுபோன காலையில் அது வயல் பக்கத்து நெல் மில்லின் வளவுக்குள் நின்றதால் தப்பியது. அதற்குப் பிறகு அந்த மாதிரி மிஷின்களுக்கு ஊரில் சுனாமி என்றே பேர் வைத்துவிட்டார்கள். வந்து போனால் வயலில் ஒன்றும் நிமிர்ந்து நிற்காதாம். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை.

உம்மா வாப்பாவுக்காகத் துக்கம் காத்து வீட்டுக்குள் இத்தா இருந்து முடிவதற்குள் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, மிஷினின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. தடுத்துக் கேட்கவும் எங்கள் வீட்டில் ஆம்பிளை இல்லை. சில போகங்கள் ஓட்டினார். என்ஜின் இறுகிப்போனதும் மில் வளவுக்குள்ளேயே போட்டுவிட்டார். பூசணிக்கொடி ஒன்று அதில் ஏறிக் காய்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மில் காவல்காரர் சந்தையில் உம்மாவையும் என்னையும் கண்டு, பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து மிஷினைப் பார்த்துவிட்டுப் போனதாகவும், நாளைக்கே வந்து துண்டு போடப் போவதாகவும் சொன்னார். அதை விற்க சாச்சா எங்களிடம் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை.

உம்மா வீட்டுக்குப் போகாமல் அப்படியே என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்கு நடந்தார். வாப்பா இருந்த காலத்தில் எங்கள் வயலை உழுது தந்த டிரக்டர்காரர் அங்கே இருந்தார். நாங்கள் பாண்டிருப்பு மாமா என்போம். பிறகு வந்த பிரச்சினைக் காலத்தில் அவர்கள் பக்கம் நாங்கள் போனதுமில்லை, எங்கள் பக்கம் அவர் வந்ததுமில்லை. உம்மா வாசலில் நின்றபடியே விசயத்தைச் சொன்னார். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மாமா டிரக்டரை எடுத்தார்.

மில்லில் பூசணிக்கொடியை அறுத்து, சங்கிலி மாட்டினோம். முன்னாலிருக்கும் வெட்டுப் பகுதியைச் சாச்சா எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார். எஞ்சியது ஒரு தகர வீடு போல நின்றது.

"ஸ்டேரிங்கில ஆர் இரிக்கிற?" என்று மாமா கேட்டார்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் ஏறிப் பார்த்துவிட்டு, பிரேக் இல்லாத சாமானில் நாங்கள் இருக்க மாட்டோம் என்று இறங்கிவிட்டார்கள். உம்மா அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"சொல்லித் தாங்க அண்ணன். இழுக்கிற நீங்கதானே, நான் திருப்பினாச் சரி."

அந்த மிஷின் பின்சக்கரத்தில்தான் திரும்பும். தலை ஒரு பக்கம் போனால் வால் மறுபக்கம் வீசும். என்ஜின் செத்திருந்ததால் ஸ்டேரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. உம்மா அதைப் பழகி முடிப்பதற்குள் மில் வேலியில் ஒரு பக்கம் படுத்துவிட்டது. காவல்காரர் பார்த்தும் பாராதவர் போல உள்ளே போனார்.

டிரக்டர் சத்தத்தில் கூப்பிட்டால் மாமாவுக்குக் கேட்காது. அதனால் எனக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் தடியும் தந்தார்கள். ஒருமுறை தட்டினால் மாமா எடுக்க வேண்டும், விடாமல் அடித்தால் நிற்பாட்ட வேண்டும்.

"வாய்க்கால் ரோட்டால போனாக் கிட்ட, தங்கச்சி. ஒருத்தரும் பாக்கவும் மாட்டாங்க" என்றார் மாமா.

"பள்ளிவாசலுக்கு முன்னால போங்க" என்றார் உம்மா.

வாய்க்கால் ரோடு சேறாக இருக்குமென்று நான் நினைத்துக்கொண்டேன்.

வழியிலிருந்த பாலத்து ஏற்றத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இறக்கத்தில்தான் மிஷின் தன்பாட்டில் உருண்டு டிரக்டரின் முதுகைத் தேடிப் போனது. நான் தகரத்தை அடித்த அடியில் தடி முறிந்தது. மாமா திரும்பிப் பார்த்து, நிற்பாட்டாமல் இன்னும் வேகமாக ஓட்டினார். அதுதான் சரி என்று எனக்கு அப்போது தெரியாது. உம்மாவின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. கை ஸ்டேரிங்கை விடவில்லை.

பள்ளிவாசலை நெருங்கும்போது மத்தியான ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சாச்சாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நடு ரோட்டில் பைக்கைக் குறுக்கே விட்டு நின்றார். மாமா டிரக்டரை மெதுவாக்கி நிற்பாட்டினார். ரோட்டோரத்துக் கடைக்காரர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மதினி, இறங்குங்க. இது பொம்புளைட வேலையா? மௌத்தான மனுசன்ட மானத்தையும் வாங்குறீங்க" என்றார் சாச்சா.

உம்மா இறங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"தம்பி, இதுல பிரேக் இல்ல. பைக்க எடுங்க."

சாச்சா சிரித்துக்கொண்டு நின்றார். உம்மா என் பக்கம் திரும்பாமல், "டிரக்டர எடுக்கச் சொல்லு" என்றார். முறிந்த தடியால் தகரத்தில் ஒருமுறை தட்டினேன். மாமா பின்னால் திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்த்தார். சங்கிலி இழுபட்டு விறைத்தது. டிரக்டர் பைக்கைச் சுற்றி ஒதுங்கிப் போய்விடும், பின்னால் வருகிற மிஷின் ஒதுங்காது என்பது சாச்சாவுக்குக் கடைசியில்தான் விளங்கியது. பைக்கை அவரே வாரியிழுத்துக்கொண்டு ரோட்டோர வடிகானுக்குள் இறங்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை.

வீட்டு வாசலுக்குள் மிஷின் கொள்ளவில்லை. கேட்டின் ஒரு தூணை இடிக்கச் சொன்னார் உம்மா. இடித்து உள்ளே தள்ளி முடித்த பிறகுதான் உம்மாவால் விரல்களை விரிக்க முடியவில்லை என்று கண்டேன். நான்தான் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன்.

என்ஜினைத் திருத்தி அடுத்த போகத்துக்கு இறக்கப் போகிறோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மழைக்காலம் வந்து போனது. ஒருவரும் திருத்த வரவில்லை. ஒரு காலையில் அதே பழைய இரும்புக்காரர்தான் வந்தார். உம்மாவே அவரை ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார். மத்தியானத்துக்குள் மிஷினைத் துண்டு துண்டாக வெட்டி லொறியில் ஏற்றினார்கள்.

செய்தி கேட்டு வந்த சாச்சா இடிந்த தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதத்தானே மதினி நானும் செய்யப் பார்த்த? இவ்வளவு பாடும் என்னத்துக்கு?"

"ஓம் தம்பி. வித்தது நான்."

உம்மா அவ்வளவுதான் சொன்னார். சாச்சா பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரெல்லாம் பார்க்க இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் சாச்சாதான் வென்றுவிட்டார் என்று நினைத்தேன். அன்றிரவு சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தேன். தோற்றுப்போன ஒருவர் இவ்வளவு ருசித்து, இரண்டாம் தடவையும் சோறு போட்டுத் தின்ன எப்படி ஏலும் என்று எனக்கு விளங்கவேயில்லை.