குடிதண்ணீரில் வளர்ந்த ஹெட்

மரக்காணத்தில் இறுகிப்போன எதையும் காசிலிங்கம் கழற்றிவிடுவார் என்று பேர். நட்டு, போல்ட்டு, படகு என்ஜின், ஒருமுறை சாவி தொலைந்துபோன பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் முப்பது வருஷமாகத் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை. கொட்டகை அவருடையது. மண் அவருடையது இல்லை.

அந்த மண்ணைப் போன ஐப்பசியில் பக்கத்து ரிசார்ட் முதலாளி மோகன் வாங்கினார். காலி பண்ணச் சொல்ல வந்தவர், கூடவே ஒரு பழைய அம்பாசடரையும் இழுத்துக்கொண்டு வந்தார். எண்பத்திரண்டாம் வருஷத்து டீசல் வண்டி. கல்யாண ஜோடிகள் அதில் வந்து இறங்க வேண்டுமாம்.

"பொங்கலுக்குள்ள இத ஓட வச்சிடுங்க காசி. கொட்டகை எங்கயும் போகாது. ஓடலன்னா எனக்கே சங்கடமா இருக்கும்."

சங்கடப்படுகிற முதலாளிகளிடம்தான் காசிலிங்கத்துக்கு எப்போதும் பயம்.

இந்தக் கடற்கரையில் வண்டி வைத்திருக்கிறவன் எல்லாம் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ரேடியேட்டர் காய்ந்தால் பக்கத்தில் உப்புக் கரிக்கிற போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவான். தான் வாயில் வைத்தால் துப்புகிற தண்ணீர். வண்டி மட்டும் குடிக்க வேண்டும். அம்பாசடரின் பழைய டிரைவரும் தாராளமாக ஊற்றியிருந்தார். என்ஜினுக்கு மேல்மூடி மாதிரி உட்காருகிற சிலிண்டர் ஹெட், என்ஜினோடு ஒரே இரும்பாக ஒட்டிக்கிடந்தது.

மண்ணெண்ணெயையும் பிரேக் ஆயிலையும் கலந்து காலையும் மாலையும் ஒன்பது நாள் விட்டார். நெருப்புக் காட்டினார். பிறகு ஸ்பேனரைப் போட்டு, கழற்றுகிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். அதுதான் அவருடைய வித்தை. இன்னும் இறுக்கத்தான் வந்திருக்கிறான் என்று துரு நம்பிவிடும். நம்பினதும் பிடி தளரும்.

ஹெட் வந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் உப்பு. சுரண்டினால் விரல் நுழைகிற ஓட்டை.

சென்னைக்குப் பஸ் ஏறிப் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற கடை கடையாக நுழைந்தார். "அந்த ஹெட்டா? அதெல்லாம் உருக்கிக் கம்பியாகி எவன் வூட்டுக் கூரையிலயோ இருக்கும் பெரியவரே" என்றான் ஒருவன். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் மட்டும் கிடைத்தது. திரும்பும் வழியில், அதே மாதிரி ஹெட் ஒன்று எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் கிளம்பும்போதே ஞாபகம் இருந்தது. அதை மறக்கத்தான் புதுப்பேட்டை வரைக்கும் போனார்.

ஹெட் இருந்தது லூர்துமேரியின் உப்புப் பாத்தியில். நாலு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துத் தனி ஆளாக உப்பு வாருகிறவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், உடைத்த அம்பாசடர் ஒன்றின் என்ஜினை அவளுடைய பம்ப்புக்குப் பூட்டிக் கொடுத்தவரே காசிலிங்கம்தான். 'இது உப்புத்தண்ணி எறைக்கட்டும், குடிக்கக் கூடாது' என்று, என்ஜின் சூடு தணியப் பக்கத்தில் ஒரு ட்ரம்மும் வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து தெருக்குழாயில் பிடித்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து அந்த ட்ரம்மை நிரப்பினாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாள் உண்டு. ட்ரம் காய்ந்த நாள் கிடையாது.

"மழைக்காலம்தான மேரி. பாத்தியெல்லாம் முழுகிக் கெடக்குது. நீ தண்ணி ஏத்தறதுக்குள்ள வேற ஹெட்டு மாட்டித் தரேன்."

"வேற எங்க இருக்குது?"

"தேடிட்டு இருக்கேன்."

"கெடைக்காமதான இங்க வந்து நிக்கற?" என்றவள், என்ஜின் மேல் போட்டிருந்த சாக்கை விலக்கினாள். "கழட்டிக்கோண்ணா. ஒன் கொட்டகை போச்சுன்னா நாளைக்கு என் என்ஜின யாரு பாப்பா?"

நட்டுகள் வெண்ணெயாகக் கழன்றன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அம்பாசடர் இருமிப் புகைந்து ஓடியது. காணும் பொங்கலுக்கு மறுநாள் மோகன் கூப்பிட்டார்.

"டைல்ஸ்ல ஆயில் சொட்டுது காசி. பொகையில பொண்ணுங்க மேக்கப் கெடுதாம். என்ஜின எறக்கிடுங்க. போட்டோக்கு நிக்கற வண்டிக்கு என்ஜின் எதுக்கு?"

"கொட்டகை சார்?"

"எங்கயும் போகாதுன்னு சொன்னேன் இல்ல? வண்டிக்கு நெழல் வேணுமே. நீங்கதான் வேற எடம் பாத்துக்கணும்."

தன் வித்தையை இன்னொருவன் கையில் பார்ப்பது காசிலிங்கத்துக்கு அதுவே முதல் தடவை.

என்ஜினையாவது கேட்டார். "ஐயோ, அது ஹெரிடேஜ்" என்றார் மோகன். தங்கக் கலர் அடித்து, மேலே கண்ணாடிப் பலகை வைத்து, ரிசப்ஷனில் காபி டேபிள் ஆக்கினார்.

காசிலிங்கம் சாலைக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடிக்கு வந்தார். மாசியில் லூர்துமேரி அங்கே வந்து நின்றாள்.

"ஊரு பாத்தியெல்லாம் வெளுத்துடுச்சு. என்னுது வெடிச்சுக் கெடக்குது. என் ஹெட்டு ஏசியில உக்காந்து காபி குடிக்குதாமே? நான் சொமந்த தண்ணிக்கு வந்த பவுசப் பாத்தியாண்ணா?"

காசிலிங்கம் மறுநாள் பட்டப்பகலில் பையை எடுத்துக்கொண்டு ரிசார்ட்டுக்குப் போனார்.

"இன்னா பெரியவரே?" என்றான் செக்யூரிட்டி பிரபு.

"டேபிள் ஆடுதாம்பா. டைட் பண்ண வந்தேன்."

கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். பெயிண்ட் நட்டுகளைக் கவ்வியிருந்தது. முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். சொன்னது முழுப்பொய் ஆகிவிடக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஹெட் நல்ல கனம். பிரபுவே ஒரு பக்கம் பிடித்து டிவிஎஸ் வண்டியில் ஏற்றிவிட்டு, "பாத்துப் போங்க" என்றான்.

இன்றுவரை யாரும் தேடவில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒரு பூந்தொட்டியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். லூர்துமேரியின் பாத்தியில் தங்கக் கலர் ஹெட் உப்புத்தண்ணீர் இறைக்கிறது. அவள் குடம் சுமக்கிறாள்.

கோடை மழை வந்தால் காசிலிங்கம் சாமான்களைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிறார். எதிரே, அவர் போட்ட தகரத்துக்குக் கீழே, என்ஜின் இல்லாத வண்டி நனையாமல் நிற்கிறது.